பழைய கிடார் ஆம்ப்களுக்கு ஏன் இவ்வளவு விலை? - ஒரு வரலாறு

2022 ஜனவரியில் கலிபோர்னியாவில் ஹோவார்ட் அலெக்சாண்டர் டம்பிள் என்பவர் தன் 77-வது வயதில் காலமானார். அவருக்குத் தொழிற்சாலை கிடையாது, கிளைகள் கிடையாது. வாழ்நாள் முழுக்கத் தன் கையாலேயே சுமார் 300 கிடார் ஆம்ப்ளிஃபையர்கள் செய்தார், அவ்வளவுதான். அந்தப் பெட்டிகளில் ஒன்று விற்பனைக்கு வந்தால் ஒரு லட்சம் டாலருக்கு மேல் போகிறது. ஒரு நல்ல சொகுசு காரின் விலை!

உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது? நாலைந்து வால்வுகள், இரண்டு மூன்று ட்ரான்ஸ்ஃபார்மர்கள், கைநிறைய ரெசிஸ்டரும் கெபாசிட்டரும், ஸ்பீக்கர், எல்லாவற்றையும் தாங்கும் ஒரு மரப்பெட்டி. இத்தனையையும் கடையில் புதிதாக வாங்கினாலும் சில ஆயிரம் டாலரில் வேலை முடிந்துவிடும். அப்படியானால் மீதிப் பணம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது?

"நல்ல சத்தத்துக்காக" என்று சட்டென்று சொல்லிவிடலாம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஆம்ப்களின் எழுபது ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், விலை ஒரு பக்கமும் சத்தம் இன்னொரு பக்கமுமாகப் போன இடங்கள் நிறைய வருகின்றன.

முதலில், கிடார் ஆம்ப் என்பது என்ன?

வீட்டு ஸ்டீரியோவின் வேலை, உள்ளே வந்த ஒலியை மாற்றாமல் பெரிதாக்கித் தருவது. கிடார் ஆம்ப் அப்படியல்ல. அதை அதன் எல்லைக்கு மேல் தள்ளும்போது வால்வுகள் திணறி, ஒலி தடித்து, ஓரங்கள் கரகரத்து வெளியே வரும். ரேடியோ இன்ஜினியருக்கு அது குறை. ராக், ப்ளூஸ் வாசிப்பவருக்கு அதுதான் உயிர். எலெக்ட்ரிக் கிடார் என்ற வாத்தியத்தின் ஒரு பாதி கையில் இருக்கிறது, மறுபாதி அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

இந்தக் 'குறை' ஒவ்வொரு ஆம்பிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். அதனால்தான் மிக்சி, கிரைண்டர் மாதிரி இது பழசானால் விலை இறங்கும் பொருளாக இல்லை.

1965: ஒரு தேதி, இரண்டு விலை

கதை கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் தொடங்குகிறது. லியோ ஃபெண்டர் 1938-ல் அங்கே ரேடியோ ரிப்பேர் கடை வைத்தார். பிறகு கிடாரும் ஆம்ப்பும் செய்ய ஆரம்பித்தார். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது என்பது எல்லோரும் சொல்லும் வேடிக்கையான செய்தி. இரவில் கிளப்பில் வாசித்துப் பிழைக்கும் கலைஞர்களிடம் கேட்டுக் கேட்டே பொருளைத் திருத்துவார். அவரது ஆம்ப் உழைக்க வேண்டும், பழுதானால் எந்த ரேடியோ மெக்கானிக்கும் திறந்து சரிசெய்ய முடிய வேண்டும். அவர் கணக்கில் அது ஒரு வேலைக் கருவி, ஏர் கலப்பை மாதிரி.

1950-களில் அவர் செய்த பேஸ்மேன் என்ற ஆம்ப் பேஸ் கிடாருக்காக வந்தது. நான்கு பத்து அங்குல ஸ்பீக்கர், மேலே சூட்கேஸுக்கு ஒட்டுவது போன்ற 'ட்வீட்' துணி. பேஸ் வாசிப்பவர்களைவிட சாதாரணக் கிடார்காரர்களுக்குத்தான் அது அதிகம் பிடித்துப்போனது. இந்தப் பேஸ்மேன் இந்தக் கட்டுரையில் இன்னும் மூன்று முறை வரும்.

1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் தன் நிறுவனத்தை அமெரிக்காவின் சி.பி.எஸ். ஒளிபரப்பு நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். அதற்குப் பிறகு தரம் போய்விட்டது என்ற பேச்சு வாத்தியக்காரர்களிடையே மெல்லப் பரவியது. 'சி.பி.எஸ்.-க்கு முன்', 'சி.பி.எஸ்.-க்குப் பின்' என்று கி.மு., கி.பி. மாதிரி பிரித்துப் பேச ஆரம்பித்தார்கள். 1967-68 வாக்கில் ஆம்ப்களின் கறுப்பு முகப்பு வெள்ளி நிறமானது. கண்ணால் பார்த்தே பிரிக்க ஒரு அடையாளமும் கிடைத்துவிட்டது.

உள்ளே திறந்து பார்த்தால் கதை வேறு. ஆரம்பகால வெள்ளி முகப்பு ஆம்ப்கள் சிலவற்றில் சர்க்யூட் கிட்டத்தட்ட கறுப்பு முகப்பில் இருந்ததேதான். மாறியிருந்தவற்றையும் விவரம் தெரிந்த டெக்னீஷியன் சில உதிரிகளை மாற்றிப் பழையபடி ஆக்கிவிடுவார். அப்படி மாற்றிய வெள்ளி முகப்பும் நிஜக் கறுப்பு முகப்பும் பக்கத்தில் பக்கத்தில் ஒலித்தால் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்வது கடினம். விலை மட்டும் இன்னும் ஒன்றாகவில்லை. வரலாற்றில் போடப்பட்ட ஒரு கோடு விலைப் பட்டியலிலும் அப்படியே இறங்கிவிட்டது.

எடையும் ஒரு காரணம்

எல்லாப் பழைய ஆம்ப்பும் ஒரே மாதிரி ஏறவில்லை. ஃபெண்டரின் ட்வின் ரிவர்ப் 85 வாட். டீலக்ஸ் ரிவர்ப் சுமார் 22 வாட். 1965-ல் கடையில் ட்வின்தான் விலை அதிகம், மேடைக்காரர்கள் ஆசைப்பட்டதும் அதைத்தான். இன்று அதே வருடத்து டீலக்ஸ், ட்வினைவிட அதிக விலைக்குப் போகிறது.

காரணம் எளிது. ட்வின் கிட்டத்தட்ட 30 கிலோ. அதன் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாலே ஜன்னல் கண்ணாடி அதிரும். அது அழகாகக் கரகரக்க வேண்டுமானால் பக்கத்துத் தெருவே காலி செய்ய வேண்டும்! 1960-களில் மேடையில் இருந்த ஒலிபெருக்கி வசதி குறைவு, அதனால் ஆம்ப்பே அரங்கத்தை நிரப்ப வேண்டியிருந்தது. இப்போது ஒவ்வொரு ஆம்ப்பின் முன்னாலும் மைக் வைக்கிறார்கள். வாங்குபவர்களில் பலர் வீட்டு அறையில் வாசிப்பவர்கள். ஆகவே சின்ன ஆம்ப் ஏறியது, பெரிய ஆம்ப் பின்தங்கியது. அந்தக் காலத்தில் எது சிறந்தது என்று கருதப்பட்டதோ, அதே வரிசையில் இன்றைய விலை நிற்பதில்லை.

நகல் அசலான கதை

இப்போது லண்டன். ஜிம் மார்ஷல் ஒரு டிரம்மர், டிரம்ஸ் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர். 1960-ல் மேற்கு லண்டனின் ஹான்வெல் பகுதியில் வாத்தியக் கடை திறந்தார். கடைக்கு வந்த இளைஞர்கள் கேட்டது ஃபெண்டர் ஆம்ப். அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்தால் விலை எட்டாத உயரம். நாமே செய்தால் என்ன என்று தோன்றியது. கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோருடன் சேர்ந்து ஃபெண்டர் பேஸ்மேனை மாதிரியாக வைத்து 1962-ல் ஓர் ஆம்ப் செய்தார்கள். ஜிம், அவர் மகன் டெர்ரி, மார்ஷல் - மூன்று பெயர்களின் முதல் எழுத்தையும் சேர்த்து ஜே.டி.எம். 45 என்று பெயர் வைத்தார்கள்.

சர்க்யூட்டைப் பார்த்தால் அது கிட்டத்தட்ட பேஸ்மேன்தான். ஆனால் பிரிட்டனில் கிடைத்த ட்ரான்ஸ்ஃபார்மர், முதல் வரிசையில் வேறு வால்வு, செலஸ்ஷன் ஸ்பீக்கர், பின்பக்கம் மூடிய பெட்டி எல்லாம் சேர்ந்ததும் குரலே மாறிவிட்டது. விலை அதிகம் என்பதற்காகச் செய்த நகல் இன்னொரு அசலாகிவிட்டது.

அந்த அசலுக்கு விலையைத் தந்தது ஒரு இசைத்தட்டு. 1966-ல் ஜான் மேயாலின் குழுவில் எரிக் கிளாப்டன் வாசித்த ஆல்பம் வெளியானது. அதில் அவர் பயன்படுத்தியது மார்ஷலின் சின்ன காம்போ, மாடல் எண் 1962 (அது வருடம் அல்ல, வெறும் எண்!). அந்தத் தட்டைக் கேட்டவர்களுக்குக் கிடார் இப்படியும் பாடுமா என்று இருந்தது. மேயாலின் குழுப் பெயரையே அந்த ஆம்ப்புக்கும் வைத்து 'ப்ளூஸ்பிரேக்கர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். விற்பனைப் பட்டியலில் ஓர் எண்ணாக மட்டும் இருந்த பெட்டிக்கு ரசிகர்கள் வைத்த பெயர் அது.

அடுத்து நூறு வாட் மார்ஷல்கள். ஹூ குழுவின் பீட் டவுன்செண்ட் இன்னும் சத்தம் வேண்டும் என்று கேட்டதில் பிறந்தவை. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அவற்றை வரிசையாக அடுக்கி வாசித்தார். 1960-களின் நடுவிலிருந்து 1969 வரை வந்தவற்றின் முகப்பு பிளாஸ்டிக் தகடு என்பதால் 'பிளெக்ஸி' என்ற செல்லப் பெயர். 1969 நடுவில் தகடு அலுமினியமானது. அந்த மாற்றத்தின் போது உள்ளே பெரிய புரட்சி எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் பிளெக்ஸி ஒரு விலை, அலுமினியம் ஒரு விலை. 1970-களின் நடுவில் கையால் ஒயர் இழுத்துப் பற்றவைப்பதை விட்டு அச்சிட்ட சர்க்யூட் போர்டுக்கு மாறினார்கள். விலையில் அது இன்னொரு படி.

1978-ல் வேன் ஹேலனின் முதல் ஆல்பம். எட்டி வேன் ஹேலன் ஒரு 1960-களின் மார்ஷலை, மின்அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் என்ற கருவியில் மாட்டி வாசித்தார். ஆம்ப்புக்குள் என்ன மாற்றினார் என்று உலகமே தலையைப் பிய்த்துக்கொண்டது. அந்த ஒலி கிடைக்குமா என்று ஆயிரக்கணக்கானோர் தங்கள் மார்ஷலைத் திறந்து நோண்டினார்கள். முகப்பில் ஓட்டை போட்டு இன்னொரு குமிழ் வைத்தார்கள். அன்று அது ஆம்ப்பை மேம்படுத்தும் வேலை. இன்று அந்த ஒவ்வொரு ஓட்டையும் விலையில் விழுந்த ஓட்டை.

யாரும் வேண்டாம் என்ற காலம்

இடையில் ஒரு சங்கதி. 1960-களின் பிற்பகுதியில் ட்ரான்சிஸ்டர்தான் எதிர்காலம் என்று எல்லோரும் நம்பினார்கள். ஃபெண்டரே 1966-ல் ட்ரான்சிஸ்டர் ஆம்ப்களை இறக்கியது. அவை எடுபடவில்லை. ஆனாலும் வால்வு என்பது பழைய காலத்துச் சரக்கு என்ற எண்ணம் வந்துவிட்டது. கிழிந்த ட்வீட் ஆம்ப்களைச் சொற்பக் காசுக்குத் தள்ளிவிட்டார்கள், சிலர் தூக்கியே போட்டார்கள்.

பின்னால் வரப்போகும் விலைக்கு அடித்தளம் இங்கேதான் விழுந்தது. எந்தப் பொருளையும் எல்லோரும் பத்திரமாக வைத்திருந்தால் அது அரிய பொருள் ஆகாது. அலட்சியத்தில் அழிந்ததுபோக மிஞ்சியதுதான் அரிதாகிறது.

1970-களில் அமெரிக்காவில் பழைய வாத்தியங்களுக்கென்றே கடைகள் வந்தன. நாஷ்வில்லில் ஜார்ஜ் க்ரூன் 1970-ல் திறந்தது அவற்றில் புகழ்பெற்றது. கிடார்களுக்கு முதலில் மவுசு, ஆம்ப்கள் பின்னாலேயே வந்தன. பிறகு பத்திரிகைகள், ஆண்டுதோறும் விலைக் கையேடுகள். விலை அச்சில் வந்த பிறகு வீட்டு மூலையில் கிடந்த பெட்டி 'சொத்து' ஆகிவிட்டது.

பெட்டிக்குள் துப்பறிதல்

விலை ஏறினால் போலியும் வரும், சந்தேகமும் வரும். ஆகவே வயதைக் கண்டுபிடிக்கும் ஒரு தனிக் கலையே வளர்ந்தது.

ஃபெண்டர் ஆம்ப்பின் உள்ளே ஒட்டியிருக்கும் வால்வு அட்டவணைச் சீட்டில் இரண்டு எழுத்து முத்திரை இருக்கும். முதல் எழுத்து வருடம், 'ஏ' என்றால் 1951. இரண்டாம் எழுத்து மாதம். ஆகவே 'ஐ.கே.' என்றால் 1959 நவம்பர். ஸ்பீக்கரிலும் ட்ரான்ஸ்ஃபார்மரிலும் எண்கள் உண்டு. 220 என்று ஆரம்பித்தால் ஜென்சன் ஸ்பீக்கர், 465 என்றால் ஆக்ஸ்ஃபோர்டு, 606 என்றால் ஷூமேக்கர் ட்ரான்ஸ்ஃபார்மர். தொடர்ந்து வருடமும் வாரமும். 220832 என்ற எண்ணை ஒரு ட்வீட் ஆம்ப்பில் பார்த்தால் ஜென்சன், 1958, 32-வது வாரம். ஆம்ப்பின் முத்திரையும் ஸ்பீக்கரின் எண்ணும் சில மாதங்களுக்குள் பொருந்தினால் வாங்குபவர் முகத்தில் புன்னகை. பொருந்தாவிட்டால் பேரம் ஆரம்பம்.

இங்கேதான் ஒரு நெருடல். எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் இருபது முப்பது வருடத்தில் காய்ந்துவிடும். மாற்றாமல் ஓட்டினால் ட்ரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக் கருக்கிவிடும். வாசிக்க வேண்டுமானால் மாற்றியே தீர வேண்டும். சேகரிப்பவருக்கோ மாற்றாதது வேண்டும். இதற்குச் சந்தை ஒரு சமரசம் கண்டது. கெபாசிட்டர், மின்சார ஒயர் போன்ற பாதுகாப்பு சமாச்சாரங்களை மாற்றலாம், கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டு ஆம்ப்புடனேயே தர வேண்டும். ட்ரான்ஸ்ஃபார்மர் மாறியிருந்தால் விலை நன்றாக அடிபடும். ஸ்பீக்கருக்குப் புதுக் காகிதக் கூம்பு போட்டிருந்தாலும் இறங்கும். மேல்துணியைப் புதிதாக ஒட்டி அழகாக்கினால் அதைவிட மோசம்!

ஐம்பது வருடம் மேடை மேடையாக அலைந்து, கிழிந்து, ரிப்பேர் பார்க்கப்பட்டு உழைத்த ஆம்ப், தான் பிறந்த வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. ஆனால் கூடுதல் விலை போவது யாரோ வாங்கி, வாசிக்கக் கற்காமல், துணி போட்டு மூடி அலமாரியில் வைத்துவிட்ட ஆம்ப். பேர் பெற்ற கலைஞரின் ஆம்ப்புக்கு மட்டும் இதில் விதிவிலக்கு. அவர் போட்ட கீறல் விலையைக் கூட்டும்.

பிரித்து விற்கும் பழக்கமும் வந்துவிட்டது. பிரிட்டனின் வாக்ஸ் ஏ.சி. 30 ஆம்ப்பை 1960-களில் பீட்டில்ஸ் பயன்படுத்தினார்கள், பின்னால் குவீன் குழுவின் பிரையன் மே. அதிலிருந்த நீல நிற செலஸ்ஷன் ஸ்பீக்கர்களுக்குத் தனி கிராக்கி. சில சமயம் முழு ஆம்ப்பாக விற்பதைவிட ஸ்பீக்கர் தனி, ட்ரான்ஸ்ஃபார்மர் தனி என்று பிரித்தால் லாபம் அதிகம். அப்படி ஒவ்வொன்று பிரிக்கப்படும்போதும் மிச்சமிருக்கும் முழு ஆம்ப்களின் எண்ணிக்கை ஒன்று குறைகிறது, விலை இன்னும் கொஞ்சம் ஏறுகிறது.

மறைத்தவரும் மறைக்காதவரும்

இனி டம்பிளுக்கு வரலாம். 1970-களில் ராபன் ஃபோர்டு என்ற கிடார் கலைஞர் ஒரு ஃபெண்டர் பேஸ்மேனில் வாசித்ததை டம்பிள் கேட்டார். (மூன்றாவது முறையாக பேஸ்மேன்!) அந்த ஒலி மனதில் தங்கியதன் விளைவுதான் அவரது புகழ்பெற்ற 'ஓவர்டிரைவ் ஸ்பெஷல்'. ராபன் ஃபோர்டு, லாரி கார்ல்டன், கார்லோஸ் சந்தானா, ஜாக்சன் பிரவுன் என்று வாடிக்கையாளர் பட்டியலே ஒரு விருது விழா மாதிரி இருக்கும். ஒவ்வொரு ஆம்ப்பையும் வாசிக்கப்போகிறவரின் கைக்கு ஏற்றபடி அமைத்தார். பணம் இருந்தால் மட்டும் போதாது, அவருக்கு அந்த ஆளைப் பிடிக்கவும் வேண்டும்.

1982 நவம்பரில் ஸ்டீவி ரே வான் என்ற டெக்சாஸ் இளைஞருக்கு ஜாக்சன் பிரவுன் தன் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோவை இலவசமாகக் கொடுத்தார். சில நாட்களில் ஒரு ஆல்பமே பதிவானது. அடுத்த வருடம் 'டெக்சாஸ் ஃப்ளட்' என்று அது வெளியாகி ப்ளூஸ் இசைக்கே புது ரத்தம் பாய்ச்சியது. அந்த ஸ்டூடியோவில் நின்றிருந்த ஒரு டம்பிள் ஆம்ப் அதில் ஒலித்தது.

டம்பிள் தன் சர்க்யூட்டின் முக்கியப் பகுதி மீது எபாக்சி பிசினை ஊற்றி மூடிவிடுவார். திறந்தாலும் கறுப்புக் கட்டிதான் தெரியும். மர்மம் விலைக்கு நல்ல உரம்.

மர்மம்தான் காரணமா? அதற்கு நேர் எதிரான ஓர் ஆள் உண்டு. நியூஜெர்சியின் கென் ஃபிஷர். ஆம்பெக் நிறுவனத்தில் வேலை பார்த்த இன்ஜினியர். 1980-களில் 'ட்ரெயின்ரெக்' என்ற பெயரில் ஆம்ப் செய்ய ஆரம்பித்தார். அவற்றுக்கு வரிசை எண் இல்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண்ணின் பெயர். ஒரு ஒயர் எந்த வழியாகப் போக வேண்டும் என்பது வரை காதால் கேட்டு முடிவு செய்வார். ஆனால் பிசின் ஊற்றவில்லை. தனக்குத் தெரிந்ததைப் பிறருக்கு எழுதியும் சொல்லியும் கொடுத்தார். உடல்நலக் குறைவால் அதிகம் செய்ய முடியவில்லை. சுமார் நூறு ஆம்ப்கள். 2006-ல் காலமானார்.

மறைத்தவருடைய ஆம்ப்பும் எட்டாத விலை, மறைக்காதவருடைய ஆம்ப்பும் எட்டாத விலை. இருவருக்கும் பொதுவாக இருந்தவை இரண்டு: மிகச் சிறிய எண்ணிக்கை, அந்த எண்ணிக்கை இனி ஒன்றுகூடக் கூடாது என்ற உறுதி. அந்த உறுதியைத் தந்தது அவர்களுடைய மரணம்.

நகல் வந்தால் விலை இறங்குமா?

பொருளாதாரப் பாடப்படி, மாற்றுப் பொருள் மலிவாகக் கிடைத்தால் அசலின் விலை குறைய வேண்டும். நடந்தது என்ன?

டம்பிளின் பிசினை ஆர்வலர்கள் பொறுமையாகச் சுரண்டி எடுத்து சர்க்யூட்டை வரைந்துவிட்டார்கள். கலிபோர்னியாவின் டூ-ராக் அந்த வழியில் உயர்தர ஆம்ப்கள் செய்தது. மலேசியாவின் செரியாடோன் டம்பிள், ட்ரெயின்ரெக் இரண்டின் நகல்களையும் அசல் விலையில் ஒரு சிறு பகுதிக்குத் தருகிறது. ஃபெண்டர் 1990-ல் தன் பேஸ்மேனையே மறுபடி வெளியிட்டது. 1998-ல் லைன் 6 நிறுவனத்தின் பாட் வந்து, எல்லா ஆம்ப்களின் குரலையும் உள்ளங்கை அளவு டிஜிட்டல் பெட்டிக்குள் போட்டது. இன்று மென்பொருளாகவே கிடைக்கிறது. கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டால் வல்லுநர்களே தடுமாறும் அளவுக்கு அவை முன்னேறிவிட்டன.

அசலின் விலை இறங்கவில்லை, ஏறியது! நகல் ஒவ்வொன்றும் அசலின் பெயரைச் சுமந்துகொண்டு போகிறது. முன்பு சில நூறு பேருக்கு மட்டும் தெரிந்த டம்பிள் என்ற பெயரை இப்போது வீட்டில் கணினி முன்னால் கிடார் பழகும் பையன்கூடச் சொல்கிறான். ஒலிக்கான தேவை நகலால் தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகும் அசலைத் தேடி வருபவர் ஒலிக்காக மட்டும் வருவதில்லை.

ஆம்ப் அல்லாத ஒரு உதாரணம்: க்ளான் சென்டார் என்ற பெடலை பில் ஃபின்னிகன் 1994 முதல் செய்தார். அதிலும் பிசின், அதற்கும் எண்ணற்ற நகல்கள், அதுவும் இன்று ஆயிரக்கணக்கான டாலர். கடைசியில் அவரே தன் அடுத்த பெடலின் மேல், இந்த அதீதப் பரபரப்புக்குத் தான் காரணமல்ல என்ற பொருளில் ஒரு வாசகத்தை அச்சிட்டுவிட்டார்!

நகலால் அடி வாங்கியது யார்? நடுத்தர ஆம்ப்கள். புகழும் இல்லை, அரிதும் இல்லை, ஆனால் கனமாக இருக்கும் சாதாரண வால்வு ஆம்ப்களை டிஜிட்டல் பெட்டிகள் ஓரம் கட்டின.

பேனாவால் போட்ட ஒரு கூட்டல் குறி

மெசா பூகி என்பது கலிபோர்னியாவில் ராண்டால் ஸ்மித் தொடங்கிய நிறுவனம். 1980-களின் நடுவில் சிறிது காலமே வந்த அதன் ஒரு மாடல் மார்க் 2சி பிளஸ். முந்தைய 2சி-யும் பிளஸ்ஸும் வெளித்தோற்றத்தில் ஒன்றுதான். பின்பக்கம் மின்சார ஒயர் வெளியேறும் இடத்துக்கு மேலே மார்க்கர் பேனாவால் கையால் போட்ட '+' குறி இருக்கும், அதுதான் அடையாளம். 1986-ல் மெட்டாலிக்காவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்தில் இந்த ஆம்ப் ஒலித்தது. அந்தப் பேனாக் கீறல் இன்று பல ஆயிரம் டாலர் பெறும். அதை யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம் என்பதால் உள்ளே திறந்து பார்க்காமல் விவரமானவர்கள் காசை எடுப்பதில்லை. 2024-ல் நிறுவனமே இதை மறுபடி தயாரித்து விற்க ஆரம்பித்தது.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. கிளாப்டனை 1966-ல் பதினாறு வயதில் கேட்டவர், 1990-களில் நாற்பதைத் தாண்டி, கையில் பணத்தோடு மார்ஷலைத் தேடினார். மெட்டாலிக்காவை 1986-ல் கேட்டவர் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார். பதின்வயதில் கேட்ட ஒலியை, பணம் வந்த வயதில் வாங்குகிறார்கள். ஒரு காலத்தில் ஏளனம் செய்யப்பட்ட வெள்ளி முகப்பு ஃபெண்டர்களும் 1980-களின் மார்ஷல் ஜே.சி.எம். 800-ம் இப்போது ஏறிவருவதன் ரகசியம் இதுதான். 'பழையது' என்ற கோடு வருடாவருடம் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

வெளியிலிருந்து வரும் காற்று

இவை தவிர உலக நிலவரமும் உண்டு. 2020-ல் ஊரடங்கின்போது வீட்டில் அடைந்த கூட்டம் கிடார் பக்கம் திரும்பியது. புதுப் பொருள்கள் கிடைக்கத் தாமதமானதில் பழையவற்றின் விலை துள்ளியது, பின்னர் ஓரளவு தணிந்தது. மேற்கத்திய வால்வு ஆலைகள் பெரும்பாலும் எப்போதோ மூடப்பட்டுவிட்டன. ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளின் ஒருசில ஆலைகளை நம்பித்தான் இந்த உலகமே ஓடுகிறது. 2022 மார்ச்சில் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்ய ஏற்றுமதி தடைபட்டபோது வால்வு விலை எகிறியது. பிறகு வரத்து சீரானாலும், இந்த ஆம்ப்களின் உயிர் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

ஆக மொத்தத்தில்...

விலையை ஏற்றுபவை இவை: எல்லோரும் கேட்ட ஓர் இசைத்தட்டு, இனி கூடாத எண்ணிக்கை, கை படாத உட்புறம், கண்ணால் பிரித்தறிய ஓர் அடையாளம், வீட்டில் வைக்கத் தோதான அளவு, அந்த இசையோடு வளர்ந்த தலைமுறையின் கையில் பணம். ஒலி இவற்றின் தொடக்கத்தில் இருக்கிறது. ஒலி நன்றாக இல்லாத எந்த ஆம்ப்பும் இந்த வரிசையில் இல்லை. ஆனால் ஒலி நன்றாக இருந்தும் இந்த வரிசையில் இடம் கிடைக்காதவை ஏராளம்.

இந்த ஏற்றத்தில் செய்தவருக்குப் பங்கு இல்லை. ஓவியத்துக்குச் சில நாடுகளில் மறுவிற்பனையில் ஓவியருக்கு ஒரு சதவீதம் போகும் சட்டம் உண்டு. பட்டறையில் பற்றவைத்தவருக்கு அப்படி எதுவும் கிடையாது. கென் ஃபிஷர் தன் வாழ்நாளில் முதல் விற்பனையில் பெற்றதுதான் அவருக்கு. அதன் பிறகு கைமாறிய ஒவ்வொரு முறையும் கூடிய பணம் வேறு யாருக்கோ.

இரவில் வாசித்துப் பிழைப்பவருக்கும் இதில் இழப்பு உண்டு. லியோ ஃபெண்டர் யாருக்காக அந்தப் பெட்டியைச் செய்தாரோ, அவரால்தான் இன்று அதை வாங்க முடியாது. வாங்கினாலும் மேடைக்கு எடுத்துப்போகப் பயம். அவருக்கு ஆறுதல் ஒன்று இருக்கிறது. மார்ஷல் 1962-ல் செய்தது போல, எட்டாத ஆம்ப்பைப் பார்த்துக் கைக்கு எட்டும் ஆம்ப் செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மலேசியாவிலிருந்து பார்சலில் வரும் நகலை வாங்கி, பயமில்லாமல் மேடையில் வைத்து, நாளைக்கு ஒருவர் எல்லோரும் கேட்கும் ஒரு பாட்டை வாசிக்கலாம். முப்பது வருடம் கழித்து அந்த நகலையும் யாராவது தேடி அலையக்கூடும்.